வழக்கு வரும்போல இருக்கிறது, பழைய மின்னஞ்சல்களை என்ன செய்வது?

கேள்வி: எங்களுடையது பத்துப் பேர் வேலை செய்யும் சிறிய நிறுவனம். மின்னஞ்சலையும் கோப்புகளையும் சேமித்து வைக்க ஒரு இணையச் சேவைக்குச் சந்தா கட்டப் போகிறோம். சாதாரணத் திட்டத்தில் பழைய மின்னஞ்சல்கள் ஒரு வருடத்தில் தானாக அழிந்துவிடுமாம். விலை கூடிய திட்டத்தில் ‘லீகல் ஹோல்டு’ என்ற வசதி இருக்கிறது. அது இல்லாமல் வாங்காதீர்கள் என்கிறார் விற்பனைப் பிரதிநிதி. அவசியம்தானா? பின்குறிப்பு: சரக்கு சரியில்லை, வழக்குப் போடுவேன் என்று ஒரு வாடிக்கையாளர் எழுதியிருக்கிறார். நோட்டீஸ் எதுவும் இன்னும் வரவில்லை.

பதில்: பின்குறிப்பில் இருந்தே தொடங்குகிறேன், அவசரம் அங்கேதான் இருக்கிறது. நோட்டீஸ் வரட்டும், பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வழக்கு வரக்கூடும் என்று தெரிந்த பிறகு அது சம்பந்தப்பட்ட எதையும் அழிக்காமல் நிறுத்தி வைப்பதுதான் லீகல் ஹோல்டு. விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குள் எதுவும் அழிந்துவிடக் கூடாது. மென்பொருளை அப்புறம் வாங்கலாம். இப்போது பயன்படுத்தும் மின்னஞ்சலில் தானியங்கி அழிப்பு இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள், அதற்குச் செலவில்லை.

அந்த வாடிக்கையாளரோடு பேசிய ஊழியர்கள் யார் யார் என்று எழுதுங்கள். அவர்களுக்கு எழுத்து மூலமாகச் சொல்லுங்கள்: மின்னஞ்சல், ரசீது, கிடங்குக் குறிப்பு எதையும் அழிக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் ‘மறையும் செய்திகள்’ 24 மணி நேரத்திலோ 7 நாளிலோ 90 நாளிலோ மறையும்படி வைத்திருந்தால் அதை அணைக்கச் சொல்லுங்கள். வேலையை விட்டுப் போனவரின் மடிக்கணினியைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது வழக்கம் அல்லவா? பெரும்பாலும் ஆதாரம் போவது அப்படித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனாலும் போனது போனதுதான்.

சொல்லிவிட்டு விட்டுவிடவும் கூடாது. அமெரிக்காவில் யூபிஎஸ் வார்பர்க் என்ற முதலீட்டு வங்கி மீது அதன் முன்னாள் ஊழியர் ஒருவர் பாகுபாடு வழக்குத் தொடுத்தார். அழிக்காதீர்கள் என்று வக்கீல்கள் சொல்லியும் சில மின்னஞ்சல்கள் அழிக்கப்பட்டிருந்தன. அழிந்தவை நிறுவனத்துக்குப் பாதகமானவை என்று ஜூரி (தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழு) எடுத்துக்கொள்ளலாம் என 2004இல் நீதிபதி சொன்னார். 2005இல் ஜூரி சுமார் 2.9 கோடி டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. அதனால் மாதம் ஒரு முறையாவது ஊழியர்களுக்கு நினைவூட்டுங்கள்.

சரி, அந்த வசதிக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா? பத்துப் பேருக்கு, ஒரே ஒரு தகராறுக்கு, கட்டாயமில்லை. அழிப்பை நிறுத்தி, தொடர்புடையவற்றை மாற்ற முடியாதபடி தனியாக எடுத்து வைத்தாலே ஓரளவு சமாளிக்கலாம். அடிக்கடி தகராறு வரும் தொழில் என்றால் வாங்குங்கள். வாங்குவதற்கு முன் பிரதிநிதியிடம் இதைக் கேளுங்கள்: ஊழியர் விலகியதும் அவருடைய கணக்கை மூடினால், நிறுத்தி வைத்த மின்னஞ்சல் தங்குமா? சந்தாவை நிறுத்தினால் அது எத்தனை நாள் இருக்கும்? யார் திறந்தார், யார் மாற்றினார் என்ற பதிவு உண்டா? இந்தப் பதில்கள் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்வார்த்தை போதாது.

ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம். அது செய்தியின் முகத்தைத்தான் காட்டும். யார் எப்போது எந்த வழியாக அனுப்பினார் என்ற விவரம் மூலக் கோப்பில்தான் இருக்கும். மின்னஞ்சலை இன்னொருவருக்கு ஃபார்வர்டு செய்தாலும் அந்த விவரம் அப்படியே போய்ச் சேராது. வெப்பத் தாளில் அச்சான ரசீது இருந்தால் இன்றே ஸ்கேன் செய்யுங்கள், அந்த எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அசலையும் தூக்கிப் போடாமல் வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

சோதனைக் காலம் கிடைத்தால், ஒரு போலி மின்னஞ்சல் கணக்கு தொடங்கி, நான்கு செய்திகளை ஹோல்டில் போடுங்கள். பிறகு ஊழியர் போல உள்ளே போய் அவற்றை அழித்துவிட்டு, நிர்வாகி கணக்கில் தேடுங்கள். நான்கும் பழைய தேதியோடு, இணைப்புகளோடு வந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.