வெயிலில் பார்த்த மனை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சிப்காட்டில் வேலை. வயது 29. கையில் 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. நெல்லிக்குப்பம் சாலையை ஒட்டி ஒரு மனை பார்த்தேன். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பதால் விலை குறைவு என்கிறார் தரகர். நாளைக்கே இன்னொருவர் அட்வான்ஸ் கொடுக்க வருகிறாராம். மூன்று ஆண்டில் விற்று லாபம் பார்க்க முடியுமா?
– கடலூர் வாசகர்

அந்த ‘இன்னொருவரை’ எனக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரியும். நான் ஆவண எழுத்தராக இருந்த காலத்திலும், விற்பனைக்கு வந்த ஒவ்வொரு மனைக்கும் அவர் மறுநாள் காலையில் வருவதாக இருந்தார். ஒரு நாளும் வந்ததில்லை. ஆகவே இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்து மனைப்பிரிவுக்கான அனுமதி ஆகாது. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபர் 20 என்ற தேதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மனைப்பிரிவு அதற்கு முன் போடப்பட்டு, மனையாகவே பத்திரப் பதிவு நடந்திருந்தால் வரன்முறைப்படுத்த, அதாவது பின்னால் அனுமதி பெற, வழி உண்டு. அப்படியானால் வரன்முறை ஆணையைக் கேளுங்கள். அதற்குப் பின் அனுமதியின்றிப் போட்ட மனை என்றால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். புதிய மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அதை இணையத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

விலை ஏன் குறைவு என்பதையும் யோசியுங்கள். அனுமதி இல்லாத மனைக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. மூன்று ஆண்டு கழித்து உங்களிடம் வாங்க வருபவர் முழுப் பணத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் ஊரில் எத்தனை பேர்?

இனி லாபக் கணக்கு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம். நீங்கள் கொடுக்கும் விலையைவிட அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு கூடுதலாக இருந்தால் அதன்மீது கணக்கிடுவார்கள். தரகு 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உங்கள் 12 லட்சத்துக்குள் அடங்கும் மனையின் விலை ஏறக்குறைய 10 லட்சத்து 80 ஆயிரம்தான். அதே 12 லட்சத்தை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டால் மூன்று ஆண்டில் சுமார் 14 லட்சத்து 70 ஆயிரம் ஆகும். விற்கும்போது மறுபடியும் 2 சதவீதத் தரகு கழிந்து அந்தத் தொகை கைக்கு வர, மனை 15 லட்சத்துக்குப் போக வேண்டும். அதாவது வரியைச் சேர்க்காமலே விலை 39 சதவீதம் ஏறினால்தான் வங்கியோடு சமன். ஏறாது என்று சொல்லவில்லை. வாங்கும் முன் இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி, அந்தச் சாலையில் மூன்று ஆண்டுகளுக்கு முன் நடந்த பதிவுகளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தரகர் சொல்லும் விலை வேறு, பதிவான விலை வேறு.

அட்வான்ஸ் கொடுப்பதானால் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, வங்கி வழியாகக் கொடுங்கள். மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ரொக்கத்தைக் கைநீட்டி வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிய அட்வான்ஸ்தான் எங்கள் மேசைக்கு அதிகமாக வந்த தகராறு.

பாகூர் பக்கம் ஒரு மனை மலிவாக வருகிறது. கிராவல் கொட்டி மேடாக்கி, வேலி போட்டு அழகாக வைத்திருக்கிறார்கள். வாங்கலாமா?
– புதுச்சேரி வாசகி

எந்த மாதத்தில் பார்த்தீர்கள் அம்மா?

என் கதையைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சித்திரை வெயிலில் ஒருவர் எனக்கு ஒரு மனையைக் காட்டினார். தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. ‘இங்கே தண்ணீரா?’ என்று சிரித்தார். ஊருக்கே பத்திரம் எழுதிக்கொடுத்த நான், பத்திரத்தை மட்டும் நான்கு முறை படித்துவிட்டு வாங்கினேன். கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது எல்லைக்கல்லைக் காணவில்லை. யாரும் பிடுங்கவில்லை, தண்ணீருக்கு அடியில் இருந்தது. பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் வேடிக்கை. வாங்கிய விலைக்கும் குறைவாக அதை விற்றேன், வாங்கியவரிடம் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிட்டே.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடலூர்ப் பக்கமும் பாகூர்ப் பக்கமும் ஊர்களுக்குள் ஆறு புகுந்தது. கரை உடையாத ஆண்டிலும் நமக்குக் கெடிலம் இருக்கிறது, ஏரி வடிகால் இருக்கிறது. மனையைச் சுற்றியுள்ள பழைய வீடுகளின் சுவரைப் பாருங்கள். வெள்ளம் நின்ற கோடு சுண்ணாம்புக்கு மேலும் தெரியும். எதிர்வீட்டுக்காரர் வாசற்படியை எத்தனை தடவை உயர்த்தியிருக்கிறார் என்று எண்ணுங்கள். டீக்கடையில் ‘2024இல் இங்கே எவ்வளவு ஏறியது?’ என்று கேளுங்கள். ‘ஏறியதா?’ என்று கேட்டால் அவர் தரகரின் உறவினர் அல்ல என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

நில அளவைத் துறையின் புலப்படத்தில் உங்கள் புல எண்ணுக்கு (சர்வே எண்) அருகே வாய்க்கால், ஓடை, குட்டை எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தரையில் மறைந்துபோன வாய்க்கால் படத்தில் மறையாது. வேலிக்குள் நீர்நிலைப் புறம்போக்கின், அதாவது அரசு நிலத்தின், ஒரு துண்டு சேர்ந்திருந்தால், பட்டா உங்கள் பெயரில் இருப்பதாகச் சொல்லி அதைக் காப்பாற்ற முடியாது. கடலுக்கோ கழிமுகத்துக்கோ அருகில் என்றால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகிறதா என்றும் கேளுங்கள். வந்தால் மனை உங்களுடையதாக இருந்தும் வீடு கட்ட முடியாமல் போகலாம்.

கிராவல் கொட்டியிருப்பதே ஒரு வாக்குமூலம். மேடான இடத்தில் யாரும் காசு செலவழித்து மண் கொட்டுவதில்லை.

விற்பவர் பத்திரத்தின் ஜெராக்ஸ் மட்டும் காட்டுகிறார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. போதுமா? அவரும் உரிமையாளர் அல்ல, பவர் (உரிமையாளர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம்) வைத்திருப்பவர்.
– திருப்பாதிரிப்புலியூர் வாசகர்

போதாது. பதிவான வில்லங்கம்தான் அந்தச் சான்றில் வரும். பதிவு செய்யாத அடமானமோ, கைமாற்றுக்குப் பத்திரத்தை ஈடாகக் கொடுத்திருப்பதோ, பல வழக்குகளோ அதில் வராது. அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அது யாரோ ஒருவருடைய பீரோவில் இருக்கும்.

பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக பவரும் அன்றோடு முடிந்துவிடும். அவரை நேரில் பாருங்கள், ரத்துப் பத்திரம் எதுவும் பதிவாகியிருக்கிறதா என்றும் தேடுங்கள். பவரை மட்டும் வைத்து நிலத்தின் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. ‘சார்பதிவாளரே பதிந்துவிட்டார், அப்புறம் என்ன?’ என்பாரும் உண்டு. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளரின் வேலை அல்ல.

பட்டப்படிப்பு முடித்துவிட்டு மனைத் தரகில் இறங்கியிருக்கிறேன். கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கமும் பார்க்கிறேன். இப்போது ஒரு பழைய வீடு கையில் இருக்கிறது. தந்தை இறந்த பின் அண்ணன் தம்பி இருவரும் விற்கிறார்கள். திருமணமான தங்கை கையெழுத்துப் போட மறுக்கிறார். ‘அவரைப் பற்றி வாங்குபவரிடம் சொல்ல வேண்டாம்’ என்கிறார்கள். இது என் முதல் பெரிய கமிஷன், ஐயா.
– பாகூர் வாசகர்

முதல் கமிஷன் என்பதால்தான் சொல்லிவிடுங்கள், தம்பி.

தந்தை சம்பாதித்த சொத்து, உயில் இல்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு. மகளுக்குத் திருமணமானதா என்பது கேள்வியே அல்ல. இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். பூர்வீகச் சொத்திலும் 2005 செப்டம்பர் 9 முதல் மகள் மகனுக்குச் சமம். தந்தை அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தங்கையின் கையெழுத்து இல்லாத கிரயம் பாகப்பிரிவினை வழக்கில்தான் போய் முடியும். அன்று அண்ணன் தம்பியின் பெயர் ஊரில் அடிபடாது, ‘வீட்டைக் காட்டியவர்’ பெயர்தான் அடிபடும். வாரிசுச் சான்றை வாங்கிப் பாருங்கள். தங்கைக்கு உரிய தொகையைப் பேசி, அவர் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுத வைக்க முயலுங்கள். நல்ல தரகருக்கு அதுதான் உண்மையான வேலை. அந்தத் தங்கையின் வீட்டுக்கு நீங்கள் ஒரு முறையாவது போனீர்களா?

இரண்டு பக்கமும் தொழில் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் பகுதியில் ஒரு பஸ் நிறுத்தம் தமிழ்நாடு, அடுத்தது புதுச்சேரி. ரெராவில் பதிவான திட்டங்களை விற்க முகவரும் பதிவு செய்ய வேண்டும். ஒரு மாநிலத்தில் செய்த பதிவு பக்கத்து யூனியன் பிரதேசத்துக்குச் செல்லாது. முத்திரைத் தீர்வை வேறு, நில ஆவணமும் வேறு. புதுச்சேரிக்கு ‘நிலமகள்’ தளத்தில் பார்க்க வேண்டும். வாடிக்கையாளரிடம் முதலில் எந்த எல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு விலையைச் சொல்லுங்கள்.

கமிஷன் எத்தனை சதவீதம், யார் தருவது, எப்போது தருவது என்பதை இடத்தைக் காட்டும் முன் எழுதிக்கொள்ளுங்கள். இரு தரப்பிலும் வாங்குவதானால் இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

‘பத்து குழி’ என்று விலை பேசினார்கள். எவ்வளவு இடம்?
– வில்லியனூர் வாசகர்

புதுச்சேரிக் கணக்கில் ஒரு குழி 576 சதுர அடி, ஆகப் பத்து குழி 5,760. தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் குழி 144தான். விற்பவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுக்கொண்டிருக்காமல், ஒப்பந்தத்தில் சதுர மீட்டரில் எழுதச் சொல்லி, சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.