நாலு பேர் குடும்பம், கரண்ட் அதிகம் இழுக்காத வீடு: எத்தனை சதுர அடி போதும்?

உள்ளே 650 சதுர அடி, வெளியே நிழலாக ஒரு 150. என்னைக் கேட்டால் இவ்வளவு போதும். தருமபுரி மாவட்டம் காரிமங்கலம் பக்கம் 1,400 சதுர அடி கட்டி மாட்டிக்கொண்டவன் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் நாலு பேர், கூட அம்மா.

அரசுத் திட்டங்களின் அளவைப் பார்த்தால், கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி, பிரதமர் ஊரக வீடு குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது 270 சதுர அடி சொச்சம். இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டுக்கு அது இடுக்கல்தான். 10க்கு 12 அளவில் இரண்டு படுக்கையறை, 10க்கு 15 ஹால், சின்னச் சமையலறை, குளியலறை, சுவர்க் கனம் எல்லாம் சேர்த்தாலும் 600ஐத் தாண்டாது.

நான் என்ன செய்தேன்? மாடியில் மகனுக்கு ஒரு அறை, மகளுக்கு ஒரு அறை என்று போட்டேன். சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கு அந்த அறைச் சுவரில் கை வைத்தால், தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்த மாதிரி இருக்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த தார்சு, விடிய விடிய அதை உள்ளே விடுகிறது. ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் சுற்றியடிக்கும். கடைசியில் நாலு பேரும் கீழே ஹாலில்தான் படுக்கிறோம். ஹாலிலிருந்து மாடிப்படி கதவில்லாமல் ஏறுவதால் ஒன்றரை டன் ஏசியும் திணறுகிறது. இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101வது யூனிட்டிலிருந்தே விகிதம் ஏறிவிடும், அது வேறு வயிற்றெரிச்சல். 10க்கு 12 அறையை மூடிக்கொண்டு படுத்தால் ஒரு டன்னே தாராளம்.

அம்மா இந்த வீட்டுக்குள் படுப்பதே இல்லை. "அந்த அடுப்புக்குள்ள எவன்டா படுப்பான்" என்று பின்னால் இருக்கும் பழைய ஓட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ஓடு சீக்கிரம் சூடாகும், பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறியும் விடும்.

அந்த வெளி நிழல் 150 சதுர அடியை மட்டும் குறைக்காதீர்கள். மாசி, பங்குனியில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து புளி தட்டிக் கொட்டை எடுப்பது எங்கள் வீட்டு முன் சாய்ப்பில்தான். மீதி நாளெல்லாம் பிள்ளைகள் படிப்பதும், வந்தவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் அங்கேதான்.

"சோலார் போட பெரிய மாடி வேண்டாமா?" என்று கேட்பார்கள். ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி இடம், நாளுக்கு நாலு யூனிட் போல வரும். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். சின்ன மாடியே போதும், தகட்டு நிழலில் தளமும் கொஞ்சம் குளிரும்.

மேற்குப் பக்கம் படுக்கையறை வைக்காதீர்கள். குளியலறையும் மாடிப்படியும் அந்த வெயிலை வாங்கிக்கொள்ளட்டும். மொட்டை மாடிக்குக் கோடைக்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், எங்களுக்குப் பலன் தெரிந்தது. ஓசூர்ப் பக்கம் என்றால் ராத்திரி குளிர்ந்துவிடும், இவ்வளவு அவஸ்தை இருக்காது.

மாடி அறைகளில் இப்போது புளி மூட்டை. வாடகைக்காவது விடலாம் என்று போன ஏப்ரலில் ஒருவரை வரச்சொன்னேன். மத்தியானம் மூன்று மணிக்கு வந்து பார்த்தார். சொல்லி அனுப்புகிறேன் என்று போனவர்தான், அப்புறம் போனே இல்லை.