சுட்ட வேலின் வளையம் முறிந்தால்

வெள்ளிக் களிமண்ணில் (வெள்ளித் துகளைப் பசையோடு பிசைந்தது, சுட்டால் வெள்ளியாகும்) செய்த வேலாயுதத்தின் வளையம் முறிந்துவிட்டது, ஒட்டியதில் தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒட்டியது தப்பில்லை, வெள்ளி சரியாக வேகவில்லை. காவடிக்குச் செய்த அந்த வேலை 650 டிகிரி செல்சியஸில் சுடும்போது லோட்ஷெடிங் (முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்துவது) வந்து சூளை நின்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் குறைந்தது அரை மணி நேரம் நின்றால்தான் வெள்ளித் துகள்கள் ஒன்றோடொன்று இறுகும். கரண்ட்டை நம்பிச் சுடுபவர்களுக்கு இப்படி நடுவில் நிற்பது பெரிய தலைவலிதான்.

முறிந்த இடத்தை லென்ஸில் பாருங்கள். சுண்ணாம்பு போல வெளுத்துப் பொருபொருவென்று இருந்தால் சரியாக வேகவில்லை என்பதில் சந்தேகமே வேண்டாம்.

1. வேலாயுதத்தை மறுபடி 900 டிகிரியில் 2 மணி நேரம் சுடுங்கள். இருமுறை சுட்டால் கெடாது. ஆனால் வெள்ளி 961 டிகிரியில் உருகிவிடும், அதனால் சூளையின் வெப்பமானி சரியா என்று முதலில் பாருங்கள்.

2. புது வளையத்தை வெள்ளிக் களிமண்ணில் செய்யாதீர்கள். பாரம் தாங்கும் இடத்துக்கு நம் ஆசாரிகள் வழிதான் சரி: வெள்ளிக் கம்பி, வெண்காரம் (போராக்ஸ்), பற்றாசு (உருக்கி ஒட்டவைக்கும் உலோகப்பொடி). சுட்ட களிமண் வெள்ளியில் நுண்துளைகள் உண்டு, பற்றாசை உறிஞ்சிவிடும். பற்றவைக்கும் இடத்தை மட்டும் எஃகுக் கோலால் பளபளவென்று அழுத்தித் தேய்த்துவிடுங்கள்.

பற்றவைத்த பிறகு திரும்பச் சூளையில் வைக்க வேண்டாம், பற்றாசு உருகி வளையம் விழும். வேலில் கண்ணாடிக் கல் பதித்திருந்தால் 900 டிகிரி கூடவே கூடாது.