சர்க்கார் பணம் போகாது, சரி… எப்போது வரும்?

கேள்வி: 12 வருடமாக வீடு கட்டிக் கொடுக்கும் மேஸ்திரி நான். நிரந்தரமாக ஒன்பது ஆட்கள் இருக்கிறார்கள். கையிருப்பு 6 லட்சம். "காண்டிராக்டரா பதிவு பண்ணி சர்க்கார் காண்டிராக்ட் வேலை எடுங்க மாமா, பணம் எங்கேயும் போகாது" என்கிறார் மைத்துனர். உள்ளூர்ப் பெரிய காண்டிராக்டர் ஒருவர், தன் பெயரில் எடுத்த கால்வாய் வேலையை என்னையே முடித்துத் தரச் சொல்கிறார். மனைவியின் நகையை அடகு வைத்து இறங்கலாமா?
– வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: மைத்துனர் சொல்வது பாதி சரி. பணம் போகாது. எப்போது வரும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை.

வீட்டு வேலையில் கடைக்கால், லிண்டல், ரூஃப் என்று கட்டம் கட்டமாக முன்பணம் வாங்கியே பழகியிருக்கிறீர்கள். இங்கே அது தலைகீழ். உங்கள் காசில் முடிக்க வேண்டும், இன்ஜினியர் அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏற்ற வேண்டும், மேலதிகாரி சரிபார்க்க வேண்டும், நிதி இருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பில்.

6 லட்ச ரூபாய் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 18% ஜிஎஸ்டி சேர்த்து பில் 7,08,000. இதில், ஜிஎஸ்டி சேர்க்காத 6 லட்சத்துக்குக் கணக்கிட்டு, வருமான வரிக்கு 1% (தனிநபருக்கு) 6,000, ஜிஎஸ்டி டிடிஎஸ் (பில்லிலேயே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) 2% 12,000, வேலையில் குறை வந்தால் என்று பிடித்து வைக்கும் நிறுத்திவைப்பு வழக்கமாக 5%, அதாவது 30,000 பிடிப்பார்கள். கைக்கு வருவது 6,60,000. அதிலும், ஜிஎஸ்டி 1,08,000-இல் ஏற்கெனவே பிடித்த 12,000 போக, 96,000 ஜிஎஸ்டி கணக்குக்கு உரியது. சிமென்ட், கம்பி பில்லில் நீங்கள் ஏற்கெனவே கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 5,64,000. வரி நீங்கலாக உங்கள் செலவு 5,40,000 என்றால் லாபம் 60,000. ஆனால் அன்றைக்குக் கையில் நிற்பது 24,000தான். மீதியில் 6,000 வருமான வரிக் கணக்கில், 30,000 நிறுத்திவைப்பில். நிறுத்திவைப்பில் ஒரு பங்கு, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (வேலையில் குறை தெரிந்தால் நீங்களே சரிசெய்து தர வேண்டிய காலம்) முடியும்வரை வராது.

இப்போது நகைக்கு வாருங்கள். 3 லட்சம் அடகு, மாதம் 1% வட்டி, பில் வர ஆறு மாதம் என்றால் வட்டியே 18,000. அந்த 24,000-இல் 6,000 மிஞ்சும். நகை வேண்டாம்.

பில்லில் இன்னும் சில பிடித்தங்கள் உண்டு. ஜல்லி, கிராவல், மணலுக்கு முறையான பர்மிட் சீட்டு காட்டாவிட்டால் சீனியரேஜ் கட்டணத்தை (கனிமத்துக்கு அரசு வாங்கும் தொகை) பிடித்துக்கொள்வார்கள். லோடு இறங்கும்போதே சீட்டை வாங்கி வையுங்கள். தொழிலாளர் நல நிதி 1% எஸ்டிமேட்டிலேயே இருக்கிறதா, உங்கள் தலையில் விழுகிறதா என்றும் பாருங்கள். டெண்டரில் கேட்கும் ரேட் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்ற ஒரு வரியைப் படிக்காமல் ரேட் போட்டு மொத்த லாபத்தையும் வரிக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஜிஎஸ்டி டிடிஎஸ் தானாக உங்கள் கணக்கில் ஏறாது. போர்ட்டலில் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். மார்ச்சில் அவசரப்பட்டு இன்வாய்ஸ் போட்டால், பில் பாஸாகாவிட்டாலும் ஏப்ரலிலேயே வரி கட்ட வேண்டிவரும். இன்வாய்ஸ் தேதியை ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

வேலை தெரிந்த மேஸ்திரிகளே நஷ்டப்படும் இடம் எம்-புக். 200 மீட்டர் கால்வாய், அடியில் 90 செ.மீ. அகலத்துக்கு 10 செ.மீ. கனத்தில் 1:4:8 கான்கிரீட் (சிமென்ட் ஒரு பங்கு, மணல் நாலு, ஜல்லி எட்டு) என்றால் 18 கனமீட்டர். தரை மேடு பள்ளமாக இருந்து 12 செ.மீ. விழுந்துவிட்டால் 21.6. கூடுதலான 3.6 கனமீட்டருக்கு சுமார் 12 மூட்டை சிமென்ட் போகும். எம்-புக்கில் 18தான் ஏறும். ஆகவே மட்டம் பார்த்த பிறகே கலவை போடுங்கள். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் அடியில் மறையப்போகிற எதையும், கடைக்கால் ஆழம், கம்பிக் கட்டு எதுவானாலும், அளவு ஏறும்வரை மூடாதீர்கள். டேப்பை வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். "அந்த முக்குவரை சேர்த்துப் போட்டுடுங்க, பார்த்துக்கலாம்" என்று வாயால் சொல்வதற்குப் பில் கிடையாது. எழுத்தில் உத்தரவு வாங்குங்கள்.

வேலை கிடைத்தால் போதும் என்று 'லெஸ்' (எஸ்டிமேட்டைவிடக் குறைந்த ரேட்) போடாதீர்கள். குறைவு ஓர் அளவைத் தாண்டினால் கூடுதல் டெபாசிட் கேட்பார்கள், அந்தப் பணமும் முடங்கும். டெண்டருக்கு முன் அலுவலகத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது எந்த நிதி என்பது. திட்ட நிதி ஒதுக்கி வந்துவிட்ட வேலை பரவாயில்லை. உள்ளாட்சியின் பொது நிதி என்றால், அங்கே வரி வசூல் எப்படி என்று விசாரியுங்கள்.

பர்சன்டேஜ் (லஞ்சம்) கேட்பார்களா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் மனதில் இருக்கும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் மட்டுமே விலக்கு.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் எடுக்க வேண்டும்? டைல்ஸ் நிறத்தை நாலு முறை மாற்றும் வீட்டுக்காரர் இங்கே இல்லை. ஒழுங்காக முடித்த வேலைக்குக் கிடைக்கும் அனுபவச் சான்று அடுத்த பெரிய டெண்டருக்கு உதவும். வொர்க் ஆர்டரைக் காட்டி வங்கியில் கடனும் கேட்கலாம். ஆகவே பதிவு செய்யுங்கள். பான், ஜிஎஸ்டி, தாசில்தாரிடம் சால்வன்சி (சொத்து மதிப்பு) சான்றிதழ், ஆன்லைன் டெண்டருக்கு டிஜிட்டல் கையெழுத்து தயார் செய்யுங்கள். துறைக்குத் துறை பதிவு தனி; எங்கே வேலை அதிகம் என்று பார்த்து ஒன்றில் தொடங்குங்கள். முதல் வருடம் ஒரே வேலை, அதுவும் 3 முதல் 4 லட்சத்துக்குள். வீட்டு வேலையை விடாதீர்கள். சனிக்கிழமை கூலி அதிலிருந்துதான் வரும்.

பெரிய காண்டிராக்டர் தரும் வேலையில் சரக்கும் உங்களுடையது, ஆளும் உங்களுடையது. ஆனால் எம்-புக், பில், அனுபவச் சான்று எல்லாம் அவர் பெயரில். அவருக்குப் பணம் வந்தாலும் உங்களுக்கு வருவது அவர் மனசு. மறுக்க முடியாத நிலை என்றால் சரக்கு அவருடையது என்று பேசி, லேபர் ரேட்டுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். வாரம் முடிந்ததும் அளந்து, சனிக்கிழமையே கணக்குத் தீர்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். ஒரு சனிக்கிழமை தவறினால் திங்களன்று ஆட்களை அனுப்பாதீர்கள்.