பொருளும் எதிர்ப்பொருளும் மோதினால்?

கேள்வி: எதிர்ப்பொருள் (மின்னூட்டம் போன்ற பண்புகள் தலைகீழான துகள்களால் ஆனது) பொருளோடு மோதினால் எதுவுமே மிஞ்சாதாமே, உண்மையா?

பதில்: துகள்கள் அழியும், ஆற்றல் அழியாது. எலக்ட்ரானும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானும் நிதானமாகச் சந்தித்தால் பெரும்பாலும் இரண்டு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசையில் கிளம்பும். ஒவ்வொன்றின் ஆற்றலும் 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஒற்றைக் கதிர் மட்டும் கிளம்பினால், மொத்த உந்தம் மாறக்கூடாது என்ற கணக்கு உதைக்கும். உடலுக்குள் நடப்பதைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் (PET) இயங்குவதே இந்த அருமையான விதியால்தான். உடலில் செலுத்திய கதிரியக்க ஃபுளோரின்-18 உமிழும் பாசிட்ரான், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட நகராமல் ஓர் எலக்ட்ரானோடு சேர்ந்து அழிகிறது. சுற்றியிருக்கும் வளையத்தில் இரு உணரிகள் சில நானோ நொடிக்குள் சேர்ந்து பதிவு செய்தால், அழிவு நடந்த இடம் அவற்றை இணைக்கும் கோட்டில் இருக்கிறது.

புரோட்டானும் எதிர்புரோட்டானும் மோதினால் இவ்வளவு சுத்தமாக முடியாது. பயான்கள் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் சிதறும், அவை சிதையும்போது ஆற்றலில் கணிசமான பங்கை, பொருளோடு அரிதாகவே மோதும் நியூட்ரினோ துகள்கள் கொண்டுபோய்விடும். அந்த ஆற்றலைத் திரும்பப் பிடிக்க நடைமுறையில் வழியில்லை.