மருத்துவ ரிப்போர்ட்களை போனில் வைத்தால் போதுமா, காகிதம் வேண்டாமா?

போனில் வையுங்கள், காகிதத்தையும் தூக்கிப் போடாதீர்கள். ஈசிஜி தாளை மட்டும் இன்றே படம் எடுத்துவிடுங்கள். அது சூட்டில் அச்சாகும் தாள். பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வைத்தால் சில வருடங்களில் கோடுகள் மங்கிவிடும். அப்பாவின் பழைய ஈசிஜியை டாக்டர் கேட்டபோது எங்கள் கையில் இருந்தது வெறும் வெள்ளைத் தாள். பழையதோடு ஒப்பிட்டால்தானே மாற்றம் புதிதா என்று தெரியும்!

அப்புறம், 2021-இல் நாடு முழுக்க வந்த ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தில் உங்கள் மருத்துவ ரிப்போர்ட்களை இணைக்க உதவும் 14 இலக்க ஆபா (ABHA) எண், அதாவது சுகாதாரக் கணக்கு எண், இலவசமாகக் கிடைக்கும். இணைத்தாலும் ரிப்போர்ட்கள் அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். ஆபா செயலியில் நீங்கள் சம்மதித்தால்தான் வேறு டாக்டர் பார்க்க முடியும். திட்டத்தில் சேராத சின்ன கிளினிக் சீட்டுகளை நீங்களேதான் படமெடுத்து ஏற்ற வேண்டும். தேதியும் மருந்தின் அளவும் படத்தில் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.