அப்பாவுக்கு மறதி நோய். பவர் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. ஏற்காட்டு நிலத்தை விற்று வைத்தியம் பார்க்கலாமா?

நீங்கள் சேலத்தில் இருக்கிறீர்கள், அப்பாவுக்குப் பெற்ற பிள்ளையே அடையாளம் தெரியவில்லை என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்தப் பவரை வைத்து விற்காதீர்கள். "பவர் ரத்தாகவில்லை, செல்லும்" என்று பத்திரம் எழுதுபவர் சொல்லக்கூடும். ரத்து செய்யவே வேண்டியதில்லை. கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போனால் அது முடிந்தது (ஒப்பந்தச் சட்டம், பிரிவு 201). நாளைக்குக் கூடப்பிறந்தவர் ஒருவர் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கிரயத் தேதியையும் கோர்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வாங்கியவர் உங்கள் கழுத்தைத்தான் பிடிப்பார்.

நோயின் பெயரை டாக்டர் எழுதிய அன்றே அப்பாவின் கையெழுத்து செல்லாமல் போய்விடும் என்றும் இல்லை. எந்த நிலம், யாருக்கு, என்ன விலைக்கு என்று அவரே புரிந்து சொன்னால் அவரே கிரயம் எழுதிக் கொடுக்கலாம். அன்றைய தேதியிலேயே நரம்பியல் அல்லது மனநல மருத்துவரிடம் சான்று வாங்கிவிடுங்கள். பழைய சான்று நிற்காது.

அந்தக் கட்டம் தாண்டியிருந்தால், "கலெக்டர் ஆபீஸில் கார்டியன் சான்று வாங்கு" என்று பலரும் அனுப்புவார்கள். வீண் அலைச்சல். கலெக்டர் தலைமையிலான கமிட்டி 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் காப்பாளர் போடும். 2017 மனநலச் சட்டத்தில் வரும் பிரதிநிதி சிகிச்சை விஷயத்துக்கு மட்டும். சொத்தைத் தொட முடியாது.

மிச்சம், அப்பாவின் சொத்துக்கு உங்களைக் காப்பாளராகப் போட்டு விற்க அனுமதி கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. சேலத்துக்கு மதுரை இல்லை, சென்னை. மருத்துவச் சான்று, சொத்து விவரம், செலவுக் கணக்கு, எல்லா வாரிசுகளின் சம்மதப் பிரமாண வாக்குமூலம் கையில் இருக்கட்டும். ஒரு வாரிசு முறுக்கிக்கொண்டாலே வழக்கு இழுக்கும். 2024இல் கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்க மனைவிக்குச் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. 50 லட்சத்தைக் கணவர் பெயரில் வைப்பு நிதியில் போட்டு வட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னது. உங்களுக்கும் அப்படி நிபந்தனை வரலாம். முழுப் பணமும் கைக்கு வரும் என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

வக்கீல்கள் சண்டைக்கு வர வேண்டாம். வக்கீல் இல்லாமல் போகச் சொல்லவில்லை.

கேட்காத ஒன்று: புத்தி தெளிவாக இருந்தும் படுக்கையை விட்டு எழ முடியாதவரைப் பணம் எடுக்க ஆட்டோவில் தூக்கிவரச் சொல்லும் வங்கிக் கிளைகள் இன்னும் இருக்கின்றன. கைப் பெருவிரல் ரேகை, அது முடியாவிட்டால் கால் விரல் ரேகை, இரண்டு சாட்சி, அதில் ஒருவர் வங்கி அதிகாரி. ரிசர்வ் வங்கி விதியே அதுதான். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.